தீர்த்தமலை ஏறுகிற கால், புக்தால் மடம் வரை போகுமா?

தர்மபுரியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “அண்ணா, லடாக்கில் ஜான்ஸ்கர் பக்கம் மலைக் குகையில் கட்டியிருக்கும் புக்தால் புத்த மடத்துக்கு நடந்துபோய்ப் படம் எடுக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. தீர்த்தமலை, ராயக்கோட்டை எல்லாம் மூச்சு வாங்காமல் ஏறுவேன். கையில் ஒரு கேமராவும் 18-55 லென்ஸும் இருக்கிறது. ஐந்து நாள் லீவு கிடைக்கும். போதுமா? அப்பாவுக்கு 58 வயது, பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அவரையும் கூட்டிப்போகலாமா?”

கால் போதும். லென்ஸ் முக்கால்வாசி போதும். ஐந்து நாள் போதவே போதாது. அப்பா விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

நான் கிருஷ்ணகிரியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ் போட்டோதான் பிழைப்பு. புக்தாலுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை நீங்கள் திட்டமிடுவது போலவே போனேன். மணாலியில் ஒரு ராத்திரி தூங்கினேன், மறுநாள் விடியற்காலை வண்டி ஏறி ராத்திரிக்குள், நடை தொடங்குகிற ஊரான புர்னே, அதற்கு மறுநாள் நடை. மடத்தைப் போய்ச் சேரும்போது மதியம் ஒரு மணி. வெயில் உச்சந்தலையில், தலைக்குள் யாரோ உரலில் இடிப்பது போல வலி. புர்னேயில் வண்டிக்காரர் காத்திருக்கிறாரே என்று ஒன்றரை மணி நேரத்தில் முந்நூறு படம் சுட்டுத் தள்ளிவிட்டு இறங்கினேன். ஊருக்கு வந்து மானிட்டரில் போட்டுப் பார்த்தால், பழுப்பாக ஒரு மலை, நடுவில் சுண்ணாம்பு தெறித்த மாதிரி ஒரு பொட்டு. அந்தப் பொட்டுதான் மடம். சுவரில் மாட்ட ஒன்றுகூடத் தேறவில்லை.

அடுத்த முறை மடத்திலேயே இரண்டு ராத்திரி தங்கினேன். நாற்பது படம்தான் எடுத்தேன். அவற்றில் மூன்று இப்போது கடையில் மாட்டியிருக்கிறது.

முதலில் உயரத்தைப் பார்ப்போம். நம்ம ஊர்க்காரர்கள் ஏமாறுவது இங்கேதான். கிருஷ்ணகிரியும் தர்மபுரியும் ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. ஓசூர் 900. தமிழ்நாட்டிலேயே நாம் ஏறக்கூடிய பெரிய உயரம் ஊட்டி தொட்டபெட்டா, 2,637 மீட்டர். புக்தால் மடம் 3,800 மீட்டருக்கு மேலே. அங்கே போவதற்கு முன் வண்டியில் கடக்க வேண்டிய ஷிங்கு லா கணவாய் 5,000 மீட்டரைத் தாண்டுகிறது. அங்கே ஒரு மூச்சில் உள்ளே போகிற ஆக்ஸிஜன், கடலோரத்தில் கிடைப்பதில் பாதியை விடக் கொஞ்சம்தான் அதிகம். தீர்த்தமலைப் படியை எத்தனை நிமிடத்தில் ஏறுகிறீர்கள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தொடை பலம் வேறு, உடம்பு காற்றுக்குப் பழகுவது வேறு. சொல்லப்போனால் நல்ல தெம்புள்ள இளவட்டம்தான் அதிகமாக மாட்டிக்கொள்வது. முடிகிறதே என்று வேகமாக ஏறிவிடுவார்கள், ராத்திரி வாந்தி எடுப்பார்கள்.

3,000 மீட்டருக்கு மேலே போய்விட்டால், இன்று தூங்குகிற இடத்தை விட நாளை தூங்குகிற இடம் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. பகலில் எவ்வளவு ஏறி இறங்கினாலும் பரவாயில்லை, தூங்குகிற உயரம்தான் கணக்கு. லேசான தலைவலி, பசியின்மை, தூக்கம் வராமை பலருக்கும் வரும். அது வந்தால் அன்றைக்கு மேலே போகாமல் அங்கேயே தங்குங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது, இருமல் நிற்கவில்லை, நேர்கோட்டில் நடக்க முடியாமல் குடித்தவர் மாதிரி தள்ளாடுகிறார் என்றால் நுரையீரலில் நீர் கோக்கிறது, அல்லது மூளை வீங்குகிறது என்று அர்த்தம். அப்போது விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ராத்திரியானாலும் இறக்கிவிட வேண்டும். டயமாக்ஸ் மாத்திரை பற்றி எல்லாரும் சொல்வார்கள். அது பழகுவதற்கு உதவும், ஆனால் சல்பா வகை மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆபத்து. கிளம்புவதற்கு முன் உங்கள் டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள், மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்க வேண்டாம்.

இந்தக் கணக்கை வைத்துத்தான் நாளும் போட வேண்டும். பெங்களூரிலிருந்து காலை விமானத்தில் டெல்லி, அன்று சாயங்காலமே மணாலி பஸ். (கிருஷ்ணகிரியில் ரயிலே இல்லை என்பது எங்கள் பழைய புலம்பல். உங்களுக்காவது தர்மபுரியிலிருந்து பெங்களூருக்கு ரயில் இருக்கிறது.) மணாலி 2,050 மீட்டர், ஒரு ராத்திரி. மறுநாள் அடல் சுரங்கத்தைக் கடந்து ஜிஸ்பா. சுரங்கம் 9 கிலோமீட்டர், 2020 அக்டோபரில் திறந்தார்கள். முன்பு ரோத்தாங் கணவாயில் ஏறி இறங்கி அரை நாள் போகும். ஜிஸ்பா 3,200 மீட்டர், அங்கே இரண்டு ராத்திரி. சும்மா இருக்கிறோமே என்று அங்கே மனசு கிடந்து அடித்துக்கொள்ளும், இருந்தே ஆக வேண்டும். அப்புறம் தார்ச்சா வழியாக ஷிங்கு லா ஏறி இறங்கி ஒரே நாளில் புர்னே. கணவாயில் வண்டியை நிறுத்தி, அங்கே கட்டியிருக்கும் பிரார்த்தனைக் கொடிகளோடு செல்ஃபி எடுங்கள், பத்து நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள். வழியில் கர்கியாக் என்ற ஊர் அழகாக இருக்கும், தங்கலாமே என்று தோன்றும். அது புர்னேயை விட உயரம். போகும்போது வேண்டாம், திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம்.

கர்கியாக்குக்கு முன்னாலேயே கும்போ ராங்ஜோன் என்று ஒரு பாறை மலை வரும். ஒரே கல், செங்குத்தாக, சுற்றிலும் வெட்டவெளி. நம் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒற்றைக் கல் மலை புதிதில்லை, ஆனால் ராயக்கோட்டை மலையை நாலைந்தாக அடுக்கி நிறுத்தியது போல ஒன்றைப் பார்த்தால் வண்டியில் பேச்சு நின்றுவிடும். அந்த ஊர்க்காரர்களுக்கு அது சாமி மலை.

புர்னேயிலிருந்து நடை, மடத்தில் இரண்டு ராத்திரி, திரும்பி வருவது எல்லாம் சேர்த்துப் பதினொரு நாள். நிலச்சரிவு, வண்டி கிடைக்காமை என்று இரண்டு நாள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பதின்மூன்று நாள் லீவு கிடைக்காவிட்டால் இந்த வருடம் விட்டுவிடுங்கள். லே வரை விமானத்தில் போய்விடலாமே என்று கேட்பீர்கள். லே 3,500 மீட்டர், இறங்கின உடனே தலை சுற்றும். அங்கே இரண்டு மூன்று நாள் படுத்துக்கிடந்து, அதற்கப்புறம் ஜான்ஸ்கரின் முக்கிய ஊரான பதும் வரை வண்டியில் ஆடிக்கொண்டு போக வேண்டும். நாள் கணக்கில் லாபம் ஒன்றும் இல்லை.

மாதம்: ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை. ஜான்ஸ்கர் மழை மறைவுப் பகுதி, அங்கே மழை குறைவு. ஆனால் மணாலிப் பக்கம் ஜூலை, ஆகஸ்டில் கொட்டித் தீர்க்கும், ரோடு சரியும். என்னைக் கேட்டால் செப்டம்பர் முதல் பாதி. வானம் கழுவிவிட்டது போல இருக்கும், பார்லி வயல்கள் மஞ்சளாகியிருக்கும்.

நடையைப் பற்றி. புர்னே என்பது சாரப் ஆறும் கர்கியாக் ஆறும் கூடுகிற இடம். அங்கிருந்து சாரப் ஆற்றை எதிர்த்து மேலே நடக்க வேண்டும், இரண்டு மூன்று மணி நேரம். ரோடு எதுவரை வந்திருக்கிறது என்பது வருடத்துக்கு வருடம் மாறுகிறது, புர்னேயிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். ஏற்றம் பெரிதில்லை, ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போகும். கவனம் வேண்டியது பாதையின் அகலத்தில். நம் மலைகளில் கால் வைத்தால் பாறை பிடித்துக்கொள்ளும். அங்கே மலையே உதிரிக் கல். ஜல்லி லாரி கொட்டின குவியலின் சரிவில் ஒரு முழ அகலத்துக்குக் கோடு போட்டது போல இருக்கும் பாதை, கீழே ஆறு. மத்தியானத்துக்கு மேல் காற்று எழும்பும், மேலேயிருந்து கல் உருளும். அதனால் காலையிலேயே கிளம்பிவிட வேண்டும். கணுக்காலை மூடுகிற ஷூ போடுங்கள். ஷூ புதிது என்றால் ஊரிலேயே ஒரு மாதம் போட்டுத் தேய்த்துவிடுங்கள்.

பாலங்களைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். 2014 கடைசியில் இந்தப் பள்ளத்தாக்கில் மலை சரிந்து ஆற்றை அடைத்தது. மேலே பெரிய ஏரி கட்டி நின்றது. 2015 மே 7ஆம் தேதி அது உடைந்து, கீழே இருந்த பாலங்களை எல்லாம் அடித்துக்கொண்டு போனது. அந்த மலைகளின் குணமே அப்படி.

மடம் கண்ணில் படுவது கடைசி வளைவில்தான். அதுவரை ஒன்றும் தெரியாது. எதிரே மலை முகத்தில் பெரிய குகை வாய், அதன் அடியிலிருந்து வெள்ளை வெள்ளையாகச் சின்னச் சின்ன அறைகள் ஒன்றின் மேல் ஒன்று வழிந்து இறங்கியிருக்கும். தேன்கூடு மாதிரி என்று எல்லாரும் சொல்வார்கள். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காடுகளில் பாறை விளிம்புக்கு அடியில் மலைத்தேன் அடை தொங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? மழை படாமல், கை எட்டாமல், பாறையின் நிழலில் ஒட்டிக்கொண்டு. எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. குகைதான் முதலில், மடம் அதற்கு வெகுகாலம் பின்னால். திபெத்திய மொழியில் ‘புக்’ என்றால் குகை. துறவிகள் தங்கிவந்த அந்தக் குகையில், 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திபெத்திய புத்த குரு சோங்கப்பாவின் சீடர் ஜாங்செம் ஷெரப் சங்போ மடத்தை நிறுவினார். கெலுக் மரபு, அதாவது தலாய் லாமாவின் மரபு. குகைக்கு உள்ளே ஒரு ஊற்று இருக்கிறது. தீர்த்தமலையில் ராம தீர்த்தம் பாறையிலிருந்து விழுவதை அண்ணாந்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு, இங்கே எதற்காக ஒருவர் வந்து உட்கார்ந்தார் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

வாசலுக்கு அருகே ஒரு கல்வெட்டுப் பலகை இருக்கிறது. ஹங்கேரிக்காரர் சோமா டி கோரோஸ் 1825-26இல் இங்கே தங்கி திபெத்திய மொழி படித்தார் என்பதற்கான அடையாளம். 1834இல் கல்கத்தாவில் வெளியான திபெத்திய - ஆங்கில அகராதி அவர் செய்ததுதான். ரோடு இல்லாத காலத்தில் இந்தப் பாதையில் அவர் நடந்ததை நினைத்தால், நாம் பையில் இரண்டு லென்ஸ் வைத்துக்கொண்டு முனகுவது வெட்கமாக இருக்கும்.

சரி, கேமரா. உங்கள் 18-55 மடத்துக்குள்ளே, படிக்கட்டுகளில், அறைகளில், ஆட்களை எடுக்க நன்றாகவே போதும். அந்த வளைவிலிருந்து முழு மடத்தை எடுக்க அது போதாது. என் முதல் பயணத்துப் பொட்டு அப்படி வந்ததுதான். தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும் 55-250 லென்ஸ் ஒன்றை வாடகைக்கு எடுங்கள். எதிர்க்கரையிலிருந்தோ வளைவிலிருந்தோ 100, 150 அளவில் இழுத்தால்தான் குகை வாயும் அறைகளும் படத்தை நிரப்பும். அப்போதும் ஒன்று குறையும்: அளவு தெரியாது. அந்தச் சுவர் எவ்வளவு பெரிது என்று பார்க்கிறவருக்கு எப்படிப் புரியும்? காத்திருங்கள். தண்ணீர்க் குடத்தோடோ கழுதையோடோ ஒரு லாமா பாதையில் வருவார். பழுப்பு மலையில் அவர் அங்கியின் குங்குமச் சிவப்பு ஒரு புள்ளியாக விழுந்தால் படம் எழுந்து நிற்கும். நான் அதற்காக ஒரு கல்லில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வெளிச்சம் பெரிய பிரச்சினை. ஆழமான பள்ளத்தாக்கு, சூரியன் தாமதமாக உள்ளே வரும், சீக்கிரம் போய்விடும். எந்த நேரத்தில் எந்தச் சுவரில் வெயில் விழுகிறது என்பதை முதல் நாள் கேமரா இல்லாமல் சும்மா பாருங்கள், நோட்டில் குறியுங்கள். மறுநாள் எடுங்கள். இரண்டு ராத்திரி என்று நான் அடித்துச் சொல்வது இதற்காகத்தான்.

அடுத்தது வெள்ளைச் சுவர். வெயிலில் சுண்ணாம்புச் சுவர், பின்னால் கருங்குகை. இந்தப் பாடத்தை எனக்குக் கல்யாண மண்டபம்தான் கற்றுக்கொடுத்தது. மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியும் சட்டையும் வெளிச்சத்தில், பின்னால் இருட்டு மேடை. கேமராவை அதன் போக்கில் விட்டால் இருட்டைப் பார்த்துப் பயந்து வெளிச்சத்தைக் கூட்டும், வேட்டி வெறும் வெள்ளைக் காகிதமாகிவிடும். கரை, மடிப்பு ஒன்றும் தெரியாது. இங்கேயும் அதேதான். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற அமைப்பு) ஒரு படி குறைத்து, சுவரின் பூச்சு தெரிகிற அளவுக்கு எடுங்கள். ரா ஃபைலாக, அதாவது கேமரா பதிவு செய்ததை அப்படியே வைத்துக்கொள்கிற ஃபைலாக எடுத்தால் குகையின் இருட்டைப் பிறகு கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாம். எரிந்துபோன வெள்ளையைத் திரும்பக் கொண்டுவர முடியாது. படம் முழுக்க பனியாக இருந்தால் மட்டும் நேர்மாறு, ஒரு படி கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் பனி சாம்பலாக வரும். வானத்தை இன்னும் கருநீலமாக்கும் போலரைசர் ஃபில்டரை வீட்டிலேயே வையுங்கள். அந்த உயரத்தில் வானம் ஏற்கெனவே கரும் நீலம். அதைப் போட்டால் ஒரு மூலை கறுத்துப்போய் அசிங்கமாக இருக்கும்.

இப்போதே பயிற்சி எடுக்கலாம். ஒரு மாதம், ஞாயிற்றுக்கிழமைதோறும் விடிவதற்கு முன் ராயக்கோட்டை ஏறுங்கள், பையில் ஆறு கிலோ எடையோடு. 1791இல் ஆங்கிலேயர்கள் திப்புவிடமிருந்து பிடித்த கோட்டை, ஆனால் நீங்கள் சரித்திரம் பார்க்க வேண்டாம், மதில் சுவரில் வெயில் எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். ஆறு மணிக்கு ஒரு படம், ஏழு மணிக்கு அதே இடத்தில் ஒரு படம், எட்டு மணிக்கு ஒன்று. மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நான் சொல்வது புரியும்.

பேட்டரி குளிரில் சட்டென்று இறங்கும். குறைந்தது மூன்று பேட்டரி வேண்டும். ராத்திரி சாக்ஸில் சுருட்டி, போர்வைக்குள் உங்களோடு படுக்க வையுங்கள். மின்சாரத்தை நம்பாமல் பவர் பேங்க் கொண்டுபோங்கள், விமானத்தில் அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். வெளிக் குளிரிலிருந்து அடுப்பு எரிகிற அறைக்குள் கேமராவைத் திறந்தபடி கொண்டுபோனால் லென்ஸில் ஆவி படியும், பைக்குள் போட்டு ஜிப் மூடிக் கொண்டுபோங்கள். நட்சத்திரம் எடுக்க ஆசை இருந்தால் அமாவாசையை ஒட்டித் தேதி போடுங்கள். ட்ரோன் வேண்டாம். அனுமதிச் சிக்கல் ஒரு பக்கம், தியானத்தில் இருக்கிறவர் தலைக்கு மேல் அந்த ரீங்காரம் இன்னொரு பக்கம்.

போனைப் பற்றி ஒரு வரி: நம் ஊர் பிரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். அந்தப் பள்ளத்தாக்கில் அதையும் பெரிதாக நம்பாதீர்கள். பணம் ரொக்கமாக இருக்கட்டும்.

மடத்துக்குள் நடந்துகொள்வது நமக்கு எளிது. ஷூவைக் கழற்றுவது, வலமாகச் சுற்றுவது, சாமி பக்கம் காலை நீட்டாமல் இருப்பது எல்லாம் இங்கேயும் அதேதான். வழியில் மந்திரம் செதுக்கிய கல் அடுக்குகள் வரும், அவையும் உங்கள் வலது கைப் பக்கம் இருக்கும்படி கடக்க வேண்டும். பார்த்தவுடன் “ஜூலே” சொல்லுங்கள். வணக்கம், நன்றி, போய்வருகிறேன் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்தான். பூசை மண்டபத்தில் கேட்காமல் கேமராவைத் தூக்காதீர்கள், கேட்டாலும் ஃபிளாஷ் கூடாது, சுவர் ஓவியங்கள் பழையவை. மடத்தில் சின்னப் பையன்கள் படிக்கிறார்கள். அழகாக இருக்கிறார்கள் என்பதற்காக மூஞ்சிக்கு நேரே லென்ஸை நீட்டுவது எனக்குப் பிடிக்காது. நம் பள்ளிக்கூடத்தில் யாரோ வந்து அப்படிச் செய்தால் வாத்தியார் விடுவாரா?

நான் தங்கின முதல் நாள் சமையல்கட்டில் ஒரு வயதான லாமா வறுத்த பார்லி மாவில் வெண்ணெய்த் தேநீரை ஊற்றி, கிண்ணத்திலேயே விரலால் பிசைந்து உருட்டிக்கொண்டிருந்தார். அந்த உணவுக்குப் பெயர் சம்பா. எனக்கு ஒரு உருண்டை கொடுத்தார். டெல்லிக்காரப் பையன் ஒருவன் வாயில் வைத்துவிட்டு முழிக்கிறான். எனக்கு என்ன கஷ்டம்? கேழ்வரகுக் களி தின்று வளர்ந்த வயிறு. இன்னொன்று கேட்டு வாங்கினேன். அவர் சிரித்த சிரிப்பில் அடுப்படியின் ஜன்னல் வெளிச்சம் பாதி முகத்தில் விழுந்தது. கையால் சைகை காட்டிக் கேட்டேன், தலையாட்டினார். கடையில் இருக்கிற மூன்றில் அது ஒன்று. பிரிண்ட் போட்டு அடுத்த கோடையில் அந்தப் பக்கம் போன ஒருவர் கையில் கொடுத்தனுப்பினேன். நீங்களும் அனுப்புகிறேன் என்று சொன்னால் அனுப்பிவிடுங்கள்.

அப்பா. 58 வயது பெரிய தடை இல்லை, பிரஷர்தான் கேள்வி. டாக்டர் இதயத்தைப் பார்த்துச் சரி என்று சொல்லாமல் அந்தக் கணவாயைத் தாண்ட வைக்காதீர்கள். மாத்திரை கட்டுப்பாட்டில் இருந்தால் போதாதா என்று நீங்களே முடிவு செய்யவும் வேண்டாம். டாக்டர் வேண்டாம் என்றால் அவரைக் கொள்ளேகால் பக்கம் ஒடெயர்பாளையாவுக்குக் கூட்டிப்போங்கள். அங்கே தொண்டென்லிங் என்ற திபெத்தியக் குடியிருப்பு இருக்கிறது, சோக்சென் மடம் இருக்கிறது. பெரிய பூசை மண்டபம், நீள ஊதுகுழல், குங்குமச் சிவப்பு அங்கி எல்லாம் பார்க்கலாம், மூச்சுப் பிரச்சினை இல்லை. டாக்டர் சரி என்றால் புர்னே வரை வரட்டும். மடத்துக்கு நடக்கலாமா என்பதை அங்கே ஒரு ராத்திரி தூங்கி எழுந்து, காலையில் அவர் எப்படிச் சாப்பிடுகிறார் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.